சேலத்திலிருந்து ஒன்பது பேர் கப்பல் ஏற வேண்டுமென்றால்

கேள்வி இதுதான். அம்மாப்பேட்டைக் குடும்பம். அப்பாவுக்கு எழுபது, பீமரத சாந்தி முடிந்த கையோடு எல்லோரும் சேர்ந்து சொகுசுக் கப்பலில் போய்வர ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணன், அண்ணி, அவர்களுடைய பதின்மூன்று வயது மகள். கேட்டவர், அவர் மனைவி, ஏழு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஆக ஒன்பது பேர். சென்னையில் ஏறுவதா, சிங்கப்பூர் போய் ஏறுவதா, எப்போது போவது, எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அஸ்தம்பட்டியில் பதினேழு வருடம் டிக்கெட் ஆபீஸ் நடத்தியவன் நான். இப்போது கடை கைமாறிவிட்டது. நீங்கள் எந்தக் கப்பலில் போனாலும் எனக்குப் பத்துப் பைசா கமிஷன் வராது, அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

தம்பி, கப்பலுக்குள் கால் வைத்துவிட்டால் அப்புறம் பெரிய கவலை இல்லை. சாப்பாடு, படுக்கை, ஆட்டம் பாட்டம் எல்லாம் அவர்கள் பாடு. போய்வந்து என்னிடம் புலம்பிய குடும்பங்கள் அநேகமாக எல்லாமே கரையில் மாட்டிக்கொண்டவைதான். பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, டிக்கெட்டில் வேறு மாதிரி. ஆத்தூர் தாண்டி லாரி கவிழ்ந்து மூன்று மணி நேரம் நின்றது. இறங்கிய ஊரில் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தது. திரும்பும் விமானத்தை அவசரப்பட்டுப் போட்டது. அதனால் இந்தப் பதிலிலும் கடலைவிடக் கரைதான் அதிகம் வரும்.

முதலில் எந்தக் கப்பல் என்பது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் ஓடத் தொடங்கியது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களில் மும்பையை விட்டு இந்தப் பக்கம் வருவதுதான் அதன் வழக்கம். ஆகவே சென்னைப் பயணங்கள் பெரும்பாலும் ஜூன் வாக்கில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிந்துவிடும். நடுக்கடல்வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம் உண்டு. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று போவதும், இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போவதும் உண்டு. கப்பல் 1990-ல் கட்டியது, 211 மீட்டர் நீளம். ராயல் கரீபியனிடம் நெடுங்காலம் ஓடிய பழைய கப்பல் என்பதால் அறைகள் சிறியவை, பால்கனி வைத்த அறைகள் சொற்பம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சேலத்திலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போய் ஏறிவிடலாம் என்பது பெரிய வசதி. இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றும் பயணம் என்றால் ஆதார் மாதிரி அரசு அடையாள அட்டை போதும், இலங்கை என்றால் பாஸ்போர்ட் வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சனி ஞாயிறை ஒட்டிய இரண்டு இரவுப் பயணம் வேண்டாம். கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு கொண்டாட வரும் பையன்கள், டீலர் மீட்டிங் என்று வரும் கும்பல், விடியவிடிய டிஜே என்று அது வேறு உலகம். நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைலைத் தாண்டியதும் கேசினோவைத் திறந்துவிடுவார்கள், கப்பலில் பாதி அங்கே போய்விடும். உங்கள் அப்பா முதல் ராத்திரியே "ஊருக்குப் போலாம்" என்பார். சென்னைதான் என்றால் நான்கைந்து இரவுப் பயணமாக, வார நாட்கள் அதிகம் வருவதாகப் பாருங்கள்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பலையும் சிலர் சொல்வார்கள். தீவு அழகுக்கு ஈடில்லை. ஆனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கப்பலை நடுவில் நிறுத்திச் சின்னப் படகுக்கு மாற்றித்தான் கரை சேர்ப்பார்கள். அலையில் ஆடும் படகுக்கு அம்மாவின் முழங்கால் தாங்காது. அந்தமான் கப்பல் உல்லாசக் கப்பலே கிடையாது, மூன்று நாள் ஓடும் பயணிகள் போக்குவரத்து. அதைப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள்.

பணம் இடம் கொடுத்தால் உங்கள் குடும்பத்துக்குச் சிங்கப்பூர்தான் என்பேன். அங்கிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரியவை. ஜென்டிங் ட்ரீம் 335 மீட்டர். மலாக்கா நீரிணை ஒருபக்கம் சுமத்ரா, ஒருபக்கம் மலாய் தீபகற்பம் என்று இரண்டு நிலத்துக்கும் நடுவே கிடப்பதால் வங்கக் கடலைப்போல் அலை எழும்பாது. இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியம் மலேசியாவின் பினாங்கு. கப்பல் அங்கே ஜார்ஜ் டவுன் நகரில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே வந்து ஒட்டி நிற்கும். இறங்கி மெதுவாக நடந்தாலே லிட்டில் இந்தியா. பூக்கடை, இட்லிக் கடை, தமிழில் "வாங்கம்மா" என்று கூப்பிடும் கடைக்காரர். அங்கே குயின் தெருவில் 1833-ல் எழும்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுப் பழகிய அம்மாவுக்குக் கடல் தாண்டி இன்னொரு மாரியம்மன். நான் கூட்டிப்போன பாட்டிகள் எல்லோரும் ஊருக்கு வந்து நீச்சல்குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இந்தக் கோயிலைப் பற்றித்தான் பேசினார்கள்.

கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுகமான போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்கிற நாள் உங்களிடம் பத்துமலை டூர் விற்கப் பார்ப்பார்கள். துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், போக்குவரத்து இருந்தால் இன்னும் அதிகம். போய் இறங்கினால் 272 படி. அம்மா கீழே நின்று 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நம் ஏத்தாப்பூர் பக்கத்தில் முத்துமலை முருகன் 146 அடியில் நிற்கிறார், பஸ் டிக்கெட் விலையில் பார்க்கலாம். அன்றைக்குப் பெரியவர்களைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். எல்லோரும் கரைக்குப் போனபின் கப்பல் காலியாக இருக்கும், உங்கள் அப்பா அம்மாவுக்கு அதுதான் நிம்மதியான நாள். தாய்லாந்தின் புக்கெட் போகும் பயணத்தைத் தவிருங்கள். அங்கே பல கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டுப் படகில்தான் இறக்குகின்றன, பழையபடி முழங்கால் பிரச்சினை.

எப்போது போவது? அவசரப்பட்டு ஆடியில் தேதி குறித்துவிடாதீர்கள். தொழில் மந்தமாக இருக்கும் மாதம், தறியும் கொலுசுப் பட்டறையும் ஓய்வாக இருக்கும், சரிதான். ஆனால் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய பிறகு உங்கள் அம்மா ஊர் எல்லை தாண்டி ராத் தங்க மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன். இது தெரியாமல் செவ்வாய்ப்பேட்டைக் குடும்பம் ஒன்றுக்கு நானே ஆடியில் போட்டுக் கொடுத்து, கடைசியில் பாட்டி பெயரை மட்டும் ரத்து செய்து, கட்டியதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. ஜூனிலும் நவம்பர் கடைசி, டிசம்பரிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை, கப்பலில் கூட்டமும் விலையும் ஏறும். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையோ, முழுப் பரீட்சை முடிந்த ஏப்ரல் கடைசியோ பாருங்கள். ஐந்தாறு மாதம் முன்னாலேயே போட்டால்தான் ஒன்பது பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்கும்.

அறை விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் பொதுவாக விடமாட்டார்கள். அப்பா அம்மா இரண்டு, அண்ணன் வீடு மூன்று, நீங்கள் நான்கு. மூன்று அறை. மூன்றாவது, நான்காவது படுக்கை என்பது ரயில் பெர்த் மாதிரி சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். ஏழு வயதுப் பையன் அதற்காகவே வருவான், ஆனால் ஏணியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவான், பார்த்துக்கொள்ளுங்கள். "கேரண்டி" அறை என்று விலை குறைத்து ஒன்று தருவார்கள். அதில் அறை எண்ணைக் கப்பல்காரர்களே கடைசியில் முடிவு செய்வார்கள். தாத்தா ஆறாம் தளத்தில் முன்பக்கம், நீங்கள் பத்தாம் தளத்தில் பின்பக்கம் என்று வந்து விழும். 335 மீட்டர் கப்பலில் அது தினமும் ஒரு நடைப்பயணம். காசு கொஞ்சம் கூடினாலும் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். லிப்டுக்குப் பக்கமாக, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையே உள்கதவு வைத்த அறைகள் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பால்கனி ஒன்றே ஒன்று எடுங்கள், அதை அப்பா அம்மாவுக்குக் கொடுங்கள். நீங்களெல்லாம் அறையில் தூங்கத்தான் போகிறீர்கள், ஜன்னல் இல்லாத உள்ளறை போதும். சாயங்காலம் மொத்தக் குடும்பமும் அந்தப் பால்கனியில்தான் வந்து உட்காரும். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும்போது மட்டும் கதவின் மேல்தாழ்ப்பாள் போட்டிருக்கட்டும், நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் போடவே கூடாது.

நடுப்பகுதி ஏன் என்றால், ஆட்டம். ஏற்காடு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்கள்தானே? இருபது கொண்டை ஊசி வளைவிலும் பின்சீட்டுக்காரனைத் தூக்கித் தூக்கி அடிக்கும், நடுவில் இருப்பவன் தேங்காய் மூட்டை மாதிரி அசையாமல் வருவான். கப்பலும் அப்படித்தான். முன்னும் பின்னும் ஏறி இறங்கும், மேல் தளங்கள் பக்கவாட்டில் அதிகம் சாயும், நடுவும் அடியும் குறைவாக ஆடும். தண்ணீருக்கடியில் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு ஆட்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு பெரிய கப்பல்களில் உண்டு, அதனால் சாப்பாட்டு மேசையில் டம்ளர் தளும்பாது. இருந்தாலும் உள்காது "ஆடுகிறோம்" என்கிறது, கண் "சும்மாதான் நிற்கிறோம்" என்கிறது. மூளை குழம்பினால் வயிறு புரளும். ஒரு யோசனை சொல்கிறேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்காடு கூட்டிப் போங்கள், குப்பனூர் வழி வேண்டாம், அடிவாரம் வழியாகவே. எந்த வளைவில் யார் முகம் வெளுக்கிறது என்று பாருங்கள். வண்டியில் வாந்தி எடுப்பவர்களுக்குத்தான் கப்பலிலும் வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன மாத்திரை, எவ்வளவு என்று குழந்தை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அவோமின் மாதிரி மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்னால் போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்பா பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் அவருடைய டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுக்காமல் மேல்தளத்தில் காற்றாட நின்று தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி தெளிந்துவிடும். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது.

இப்போது காகிதம். இங்கேதான் நம் தமிழ்ப் பெயர்கள் நம்மைப் படுத்தும். பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. இன்ஷியலை விரித்து எழுதியவருக்கு அப்பா பெயர் சர்நேம். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தவருக்குக் கணவர் பெயர். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு விதம். கப்பல் படிவமோ சர்நேம் இல்லாமல் நகராது. என் மாமியார் பெயரை நான் பழக்கதோஷத்தில் இன்ஷியலோடு அடித்துவிட்டேன், பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பா பெயர் முழுசாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் எல்லோரிடமும் நின்று நகர்ந்த விரல், மாமியாரைக் காணாமல் கடைசி வரிக்குக் கீழே போய்க் காகிதத்தின் வெள்ளையில் நின்றது. இரண்டு அதிகாரிகள் மாறி, போன் போட்டு, நாற்பது நிமிடம். மாமியார் அந்த நாற்பது நிமிடமும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதே கட்டத்தில் அதே எழுத்து. சர்நேம் காலியாக இருப்பவருக்கு என்ன போடுவது என்று கப்பல் நிறுவனத்திடமும் விமான நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டே பணம் கட்டுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் கையில் வையுங்கள், அம்மா பெயரும் குழந்தை பெயரும் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்துச் சில இடங்களில் கேட்பார்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குச் சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் மையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000, தட்கல் என்றால் மேலே 2,000. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், அண்ணன் மகளுடையதை இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் எடுக்கலாம். கப்பல் மலேசியா போய்த் திரும்பவும் சிங்கப்பூரில்தான் இறக்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். அது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசா கைக்கு வந்ததா என்று விசாத் தாளைப் படித்துப் பாருங்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்து நீட்டித்து வருகிறது, பணம் கட்டும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எல்லாம் ஏமாற்று.

அண்ணியோ உங்கள் மனைவியோ கர்ப்பமாக இருந்தால், பயணம் முடியும் நாளில் 24 வாரத்தைத் தொடக் கூடாது. அநேகமாக எல்லாக் கப்பல்களிலும் இதுதான் கணக்கு.

பணக் கணக்கு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்தால் தலைக்கு என்ன என்ற விலை. மூன்றாம், நான்காம் ஆளுக்குக் குறையும், ஆனால் துறைமுகக் கட்டணமும் வரியும் குழந்தைக்கும் பெரும்பாலும் உண்டு. இது போக, பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம். வெளிநாட்டுக் கப்பல்களில் ஒரு நாளைக்குத் தலைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் என்று வரும். ஒன்பது பேர், நான்கு இரவு என்று பெருக்கிப் பாருங்கள். பாட்டில் தண்ணீர், ஜூஸ், காபிக் கடைக் காபி, வைஃபை எல்லாம் தனி. விளம்பர விலையை ஒன்றரையால் பெருக்கி, அதன் மேல் விமானம், விசா, ஒருநாள் ஓட்டல் சேர்த்தால்தான் உண்மையான தொகை என்பது என் பழைய கணக்கு, இதுவரை பெரிதாகத் தப்பியதில்லை. வெளிநாட்டுப் பேக்கேஜாக ஏஜெண்டிடம் வாங்கினால் டிசிஎஸ் என்று விலையோடு சேர்த்து முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழியும். கணக்குத் தாக்கல் செய்கிறவருடைய பான் எண்ணில் கட்டுங்கள், அப்பா பெயரில் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க அலையாதீர்கள். பணம் கட்டிய அன்றே கப்பல் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டு ஒன்பது பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். "குலுக்கலில் உங்களுக்கு இலவசக் கப்பல் பயணம்" என்று ஓட்டலுக்குக் கூப்பிட்டால், சாப்பிடக்கூடப் போகாதீர்கள்.

காப்பீடு கட்டாயம் எடுங்கள். அப்பாவின் வயதுக்குப் பிரீமியம் கூடும், பரவாயில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதி, கப்பல் பயணத்துக்கும் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் ஊசி ஒன்றுக்கே டாலரில் பில் வரும், அங்கேயே கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டில் வாங்க வேண்டும்.

சேலத்திலிருந்து போவது எப்படி? சிங்கப்பூர் என்றதும் எல்லோரும் சென்னை அல்லது பெங்களூர் என்கிறார்கள். திருச்சியை மறந்துவிடுகிறார்கள். நாமக்கல் வழியாக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், நேரடி விமானம் இருக்கிறது, பறக்கும் நேரம் நாலு, நாலரை மணி. விமான நிலையத்தில் நடக்கும் தூரமும் குறைவு. கோயம்புத்தூரிலிருந்தும் நேரடி உண்டு. எங்கிருந்து போனாலும் கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே சிங்கப்பூரில் இருங்கள். சென்னைக் கப்பலுக்கும் இதே விதிதான். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும் முன் சென்ட்ரல், ஆனால் துறைமுகத்தில் மதியம்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை முழங்கால் வலிக்காரரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவீர்கள்? வந்தே பாரத்தில் முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்குங்கள். கப்பல் ஐந்து மணிக்கு என்றால் ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பயணிகள் பட்டியலைக் குடியுரிமை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள்.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வர சாயங்காலம் ஆகும். பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தையின் டயப்பர், பால் பவுடர், பையனின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் ராடு, கற்பூரம், விளக்கு எதுவும் கூடாது. நெருப்புதான் கப்பலுக்குப் பெரிய பயம். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். கடையில் ஒட்டிய பொட்டலமாக இருந்தால் பெரும்பாலும் விடுகிறார்கள், பருப்புப்பொடி ஒன்று இருக்கட்டும். இந்தியச் சமையலும் சைவமும் கிடைக்கும், ஆனாலும் மூன்றாம் நாள் தயிர்சாதத்துக்கு நாக்கு ஏங்கும். ஒரு பிளாஸ்டிக் குவளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கப்பல் கழிவறைகளில் காகிதம்தான் இருக்கும், இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள். கழிவறை வாசலில் ஒரு உயரமான விளிம்பு இருக்கும், அம்மாவிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். அறைச் சுவர்கள் இரும்பு, நான்கு காந்தக் கொக்கி வாங்கிப் போனால் ஈரத் துணி மாட்டலாம்.

ஏறியதும் முதல் வேலை ஆபத்துக்காலப் பயிற்சி. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பலருக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கிளம்பும் முன்னரோ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது. குழந்தைக்கு உயிர்காப்பு உடை சின்ன அளவில் வேண்டுமென்று அறைப் பணியாளரிடம் அன்றே கேளுங்கள்.

டயப்பர் போடும் குழந்தையை நீச்சல்குளத்தில் இறக்க விட மாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டாலும். சிறுவர் கிளப்பிலும் பல கப்பல்களில் மூன்று வயதுக்கு மேல்தான். ஆகவே சின்னவளை யாராவது ஒருவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும், முறையை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய் அண்ணிக்கும் உங்கள் மனைவிக்கும் மனத்தாங்கல் வேண்டாம். பையனிடம் கொடுக்கும் அறை அட்டையே பணப்பையும்கூட. என் தங்கை மகன் வீடியோ கேம் அறையில் ஒரே மத்தியானத்தில் எத்தனை முறை தேய்த்தான் என்பது கடைசி நாள் பில்லில்தான் தெரிந்தது. வரவேற்பில் சொன்னால் சிறுவர் அட்டையில் செலவை அடைத்துவிடுவார்கள். எல்லோர் போனையும் கரை மறையும் முன்பே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், கப்பலின் கடல் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் வீடு தேடி வரும்.

ஒருநாள் ராத்திரி உடுத்திக்கொண்டு வரும் விருந்து இருக்கலாம். கோட்டு வாங்கித் தொலைக்காதீர்கள். அப்பா சேலம் வெண்பட்டு வேட்டியில் போகட்டும். உங்கள் தெருவில் நெய்தது, அந்தக் கூடத்தில் அதைவிட எடுப்பான உடுப்பு இருக்காது.

துறைமுக நாளில் கப்பல் நேரம் என்று ஒன்று ஓடும், கரை நேரம் என்று ஒன்று. தினமும் அறைக்கு வரும் தாளில் எது என்று போட்டிருக்கும். உங்கள் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே இருந்தால் இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறீர்கள். கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஏறும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிடுங்கள்.

கடைசி ராத்திரி பெட்டிகளை வராந்தாவில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் கிடைக்கும். மறுநாள் உடுத்த ஒரு செட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை வெளியே வையுங்கள். என் மைத்துனர் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு மறுநாள் லுங்கியோடு சிங்கப்பூரில் இறங்கினார். திரும்பும் விமானத்தை அன்று சாயங்காலத்துக்குப் பிறகு போடுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டதும் இருக்கிற பாஸ்போர்ட்டுகளை எல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்புங்கள். யாருடையதில் சர்நேம் காலி, யாருடையது எப்போது முடிகிறது, யாருக்கு எடுக்கவே இல்லை என்று ஒரு தாளில் எழுதி எனக்குச் சொல்லுங்கள். தேதி குறிப்பதை அதற்கப்புறம் பேசுவோம்.